தாலி கட்டி 173 நாள்: தூத்துக்குடிக் கோயில் திருமணமும் பதிவு அலுவலகமும்

திருமணம் நடந்தது 2018 அக்டோபர் 31. இடம், தூத்துக்குடி சங்கரராமேசுவரர் கோயில். மணமகன் ஓர் இளைஞர். மணமகள் ஒரு திருநங்கை. இருவரும் இந்துக்கள். ஊர் வழக்கப்படி சடங்கு நடந்து தாலி ஏறியது. அந்தத் திருமணத்தைப் பதிவு செய்யச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது 2019 ஏப்ரல் 22 அன்று. இடையில் 173 நாள். தம்பதியின் பெயர் தீர்ப்பில் இருக்கிறது. இங்கே அது தேவைப்படாது. ரிட் மனு (அரசு அலுவலரின் முடிவை எதிர்த்து உயர்நீதிமன்றத்தில் போடும் மனு) எண்ணை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்: மதுரைக் கிளை, 4125/2019.

பாலின உரிமை வழக்கு என்றே இதைப் பெரும்பாலும் பேசுகிறார்கள். அதில் தப்பில்லை, ஆனால் பாதி விஷயம் விட்டுப்போகிறது. இவர்கள் கேட்டது வெறும் பதிவு அல்ல. சாமி சன்னிதியில் நடந்த கல்யாணத்தை, நடந்தது நடந்தபடியே ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். பக்தி ஒருவருக்குத் தெம்பு தரும் என்று சொல்வது எளிது. அந்தத் தெம்பு எந்த மேசை வரைக்கும் கூட வந்தது, எந்த மேசையில் கைவிட்டது என்பதுதான் இந்த வழக்கில் துல்லியமாகத் தெரிகிறது.

கூவாகத்தில் ஓர் இரவு

தமிழ்நாட்டுத் திருநங்கைகளுக்குக் கோயில் தாலி புதிதல்ல. கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் இருக்கும் கூவாகம் கூத்தாண்டவர் கோயிலில் சித்திரை மாதம் 18 நாள் திருவிழா. பாரதப் போரில் வெற்றிக்காகத் தன்னையே களப்பலி கொடுக்க ஒப்புக்கொண்ட அர்ச்சுனன் மகன் அரவான், சாகும் முன் ஒரு நாளாவது கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்று கேட்கிறான். விடிந்தால் தாலியறுக்க எந்தப் பெண் முன்வருவாள்? கண்ணனே மோகினியாகி அவனைக் கட்டிக்கொள்கிறான். வடமொழிப் பாரதத்தில் இந்தக் கதை இல்லை. அங்கே இராவான் என்ற பெயரில் வரும் அரவான் போர்க்களத்தில் அலம்புசன் என்ற அரக்கன் கையில் சாகிறான். களப்பலியைத் தமிழ்ப் பாரதங்கள் பாடின. மோகினி கல்யாணத்தைக் கூத்தும் ஊர்வாய்க் கதையும் வளர்த்தன.

அங்கே வருகிற திருநங்கைகள் மோகினியாக நின்று பூசாரி கையால் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, இரவெல்லாம் கும்மி. விடிந்ததும் தேர் புறப்பட்டுப் பந்தலடிக்குப் போகிறது. அரவான் பலியானதும் அதே தாலியை அறுக்கிறார்கள், வளையலை உடைக்கிறார்கள், பூவைப் பிய்த்தெறிகிறார்கள். மாரடித்து அழுதுவிட்டு, தலை முழுகி வெள்ளைச் சேலை உடுத்தி ஊர் திரும்புகிறார்கள்.

அந்த அழுகை நடிப்பு என்று நினைப்பவர்கள் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டது, அப்பா சாவுக்குப் போக முடியாதது, கூட இருந்தவன் விட்டுப்போனது எல்லாம் அந்த ஒப்பாரியில் சேர்ந்துகொள்ளும். ஒரு சாமி தன்னை மனைவியாக ஏற்கிறது என்பதும், தன் துக்கத்துக்கு ஊர் ஓர் இடமும் ஒரு நாளும் ஒதுக்கியிருக்கிறது என்பதும் சின்ன ஆறுதல் இல்லை. ஆனாலும் அந்தத் தாலிக்கு ஆயுள் ஓர் இரவு. தூத்துக்குடித் தம்பதி கேட்டது மறுநாளும் கழுத்தில் இருக்கிற தாலி. மரபு பழகாத இடம் அது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

எங்கே தடுத்தது

சடங்கு முடிந்த கையோடு தேவைப்படுவது, திருமணம் இன்ன இடத்தில் நடந்தது என்பதற்கான ஆதாரம். கோயிலில் வழக்கமாக அது ரசீதாக இருக்கும்: மணமக்கள் பெயர், தேதி, ரசீது எண், முத்திரை. இந்தத் திருமணத்தை ஒப்பிச் சான்று தரக் கோயில் நிர்வாகம் மறுத்துவிட்டது. கிராம நிர்வாக அலுவலர் திருமணம் நடந்ததை உறுதிசெய்து சான்று கொடுத்தார். வழக்கு நிமிர்ந்து நின்றது அந்த ஒரு தாளில். அது இல்லாமல் போயிருந்தால், சட்டக் கேள்விக்கு வருவதற்கு முன்பே 'கல்யாணம் நடந்ததா' என்ற கேள்வியிலேயே வாதம் முடங்கியிருக்கும்.

அடுத்த மேசை சார்பதிவாளருடையது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009இன்படி எந்த மதத் திருமணமானாலும் பதிவு கட்டாயம். கால அளவு 90 நாள். தாமதக் கட்டணத்தோடு மேலும் 60 நாள். பதிவாளர் மறுக்கலாம், ஆனால் நினைத்தபடி மறுக்க முடியாது. 7ஆம் பிரிவு மூன்று காரணங்களைத்தான் தருகிறது: திருமணம் தரப்பினரின் தனிநபர் சட்டப்படியோ (அவரவர் மதத்துக்குரிய குடும்பச் சட்டம்) வழக்கப்படியோ நடக்கவில்லை, தரப்பினர் அல்லது சாட்சிகளின் அடையாளம் உறுதியாகவில்லை, கொடுத்த ஆவணங்கள் மண உறவை மெய்ப்பிக்கவில்லை. சார்பதிவாளர் மறுத்தார். மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு போனது; 2018 டிசம்பர் இறுதியில் அவரும் மறுப்பை உறுதிசெய்தார். பிறகுதான் ரிட் மனு.

மேல்முறையீட்டைத் தாண்டிக் குதித்து நேரே உயர்நீதிமன்றம் போகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் 'முதலில் அங்கே போய்விட்டு வா' என்று திருப்பி அனுப்பப்படுவார்கள். இந்தத் தம்பதி படிப்படியாக ஏறினார்கள், ஒவ்வொரு படியிலும் எழுத்து மூலமான மறுப்பு கையில் இருந்தது. வாய்மொழி மறுப்பை எதிர்த்து வழக்குப் போடுவது காற்றோடு மல்லுக்கட்டுவது.

'மணமகள்' என்ற ஒரு சொல்

அரசுத் தரப்பு வாதம் அகராதியிலிருந்து வந்தது. இந்துத் திருமணச் சட்டம், 1955இன் 5ஆம் பிரிவு மணமகள் என்கிறது, மணமகள் என்றால் கல்யாண நாளில் இருக்கும் பெண், திருநங்கை பெண் அல்லர், ஆகவே பதிவில்லை.

அந்தப் பிரிவை எடுத்து நிதானமாகப் படித்துப் பாருங்கள். 'எந்த இரு இந்துக்களுக்கும் இடையே' என்றுதான் தொடங்குகிறது. உயிரோடு இருக்கும் துணை கூடாது, மனத்தெளிவு வேண்டும், விலக்கப்பட்ட உறவுமுறை கூடாது என்று நிபந்தனைகள் வரிசையாக வருகின்றன. 'மணமகள்' தலைகாட்டுவது மூன்றாம் நிபந்தனையில், வயது சொல்கிற இடத்தில்: மணமகனுக்கு 21, மணமகளுக்கு 18. ஒரு வயது வரம்பில் வந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்யாணத்தையே மறுத்திருக்கிறார்கள்.

நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதை ஏற்கவில்லை. அந்தச் சொல்லுக்கு மாறாத, உறைந்துபோன பொருள் கிடையாது. இன்றைய நிலைக்கு ஏற்றபடி படிக்க வேண்டும் என்றார். 2014 ஏப்ரல் 15 அன்று தேசிய சட்டப் பணிகள் ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கலாம் என்று சொல்லிவிட்டது. தன்னைப் பெண்ணாக உணர்ந்து பெண்ணாக வாழும் திருநங்கை, இந்தச் சட்டத்தின் கண்ணில் மணமகள்தான். இதில் தான் புதிதாக எதையும் படைக்கவில்லை, வெளிப்படையாகத் தெரிவதைத்தான் சொல்கிறேன் என்று எழுதிவிட்டு, வெளிப்படையானதைப் பார்க்கக்கூடச் சில நேரம் கண்ணில் பார்வை இருந்தால் போதாது, நெஞ்சில் அன்பும் வேண்டும் என்ற கருத்தையும் சேர்த்தார். தீர்ப்பு நடைக்கு நடுவே அப்படி ஒரு வரி அபூர்வம்.

அதிகம் பேசப்படாத பகுதி அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவைப் பற்றியது. சமத்துவம், வாழ்வுரிமை என்பவற்றோடு நிறுத்தியிருக்கலாம். நீதிமன்றம் இன்னோர் அடி வைத்தது: பதிவுத் திருமணம் செய்துகொள்ளலாம், சடங்கு வழியாகவும் செய்துகொள்ளலாம், இவர்கள் திருமணம் கோயிலில் நடந்தது, எனவே மதத்தைப் பின்பற்றும் அடிப்படை உரிமையும் இங்கே மீறப்பட்டிருக்கிறது. பால்புதுமையினரின் (திருநங்கைகள், தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்கள் போன்றோரின்) வழக்குகளில் மதம் பெரும்பாலும் எதிர்த்தரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும். இங்கே மனுதாரர் பக்கம் வந்து நின்றது. 'எங்களுக்கும் சாமி உண்டு' என்பது மன்றாட்டாக இருந்தது. அன்றிலிருந்து அது வழக்காடும் காரணம்.

பதிவாளர்களின் மறுப்பு ரத்தானது; திருமணத்தைப் பதிவு செய்ய உத்தரவானது. ஆண், பெண் என்று எளிதில் பிரிக்க முடியாத உடலமைப்போடு பிறக்கும் இடையிலிங்கக் குழந்தைகளுக்கு, அவர்களாக முடிவெடுக்கும் வயது வரும் முன்பே, ஆண் அல்லது பெண் என்று ஆக்கும் அறுவை செய்வதைத் தடுக்கவும் அதே தீர்ப்பு சொன்னது. உயிருக்கு ஆபத்தான நிலைமை தவிர மற்ற நேரங்களில் அதைத் தடைசெய்து தமிழக அரசு அந்த ஆண்டே அரசாணை போட்டது.

2023 அக்டோபர் 17 அன்று தன்பாலினத் திருமண வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வு, எதிர்பாலினரை மணக்கும் திருநங்கைக்கும், பெண்ணாகக் கருதப்பட்டுப் பிறந்து ஆணாக வாழும் திருநம்பிக்கும் தனிநபர் சட்டங்கள் உட்பட இப்போதுள்ள சட்டங்களின் கீழேயே மணக்கும் உரிமை உண்டு என்றது. ஆகவே தூத்துக்குடித் தீர்ப்பின் நிலைப்பாடு இன்று நாடு முழுவதற்கும் பொருந்தும்.

இன்று ஒரு ஜோடி கிளம்பினால்

முதலில் பெயர். கல்யாணம் சிக்குவது பாலினத்தில் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அன்றாடத்தில் சிக்குவது பெயரில். பள்ளி மாற்றுச் சான்றிதழில் பெற்றோர் வைத்த பெயர், ஆதாரில் இவர் வைத்துக்கொண்ட பெயர், குடும்ப அட்டையில் பெயரே இல்லை. வயதுக்குப் பள்ளிச் சான்றும் முகவரிக்கு ஆதாரும் கொடுத்தால் 'இவர் வேறு, அவர் வேறு' என்ற பேச்சு எழும்; அடையாளம் உறுதியாகவில்லை என்று 7ஆம் பிரிவின் இரண்டாம் காரணத்தில் மடக்கிவிடுவார்கள். மருந்து, அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு. பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே பத்தியில் இருக்கும் அந்தப் பக்கம்தான் இரண்டு ஆவணங்களுக்கும் பாலம். தேதி குறிக்கும் முன்பே இதை முடித்துக்கொள்ள வேண்டும்; முகூர்த்தத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தொடங்கினால் 90 நாள் கணக்கு கழுத்தைப் பிடிக்கும்.

பாலின அடையாளச் சான்று அடுத்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டமும் 2020 விதிகளும் வகுத்த நடைமுறையில், மாவட்ட ஆட்சியரிடம் உறுதிமொழிப் பத்திரத்தோடு விண்ணப்பித்து, மருத்துவப் பரிசோதனை இல்லாமலே திருநர் (திருநங்கை, திருநம்பி இருவருக்கும் பொதுச்சொல்) என்ற சான்று வாங்க முடிந்தது; இன்றைய விதியை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அதில் 'பெண்' என்று இருக்காது. அதைக் காட்டியே 'பார், திருநர் என்றுதானே போட்டிருக்கிறது, எங்கே பெண்?' என்று ஓர் அலுவலர் கேட்கலாம். அந்தக் கேள்விக்கான பதில்தான் ரிட் மனு 4125/2019. தீர்ப்பின் நகலை விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள்; கேட்ட பிறகு தேடுவதைவிட, கேட்கும் முன்பே மேசையில் இருப்பது நல்லது.

கோயிலில் என்றால் முன்கூட்டியே எழுதிக்கொடுத்து, கட்டணம் கட்டி, இருவர் பெயரிலும் ரசீது வாங்கிய பிறகே தேதியை ஊருக்குச் சொல்ல வேண்டும். நிர்வாகத்துக்குத் தெரியாமல் அர்ச்சனைச் சீட்டோடு உள்ளே போய் சன்னிதியில் தாலி கட்டிவிட்டு வருவது ஆசைக்குச் சரி, சாட்சிக்கு ஆகாது. அர்ச்சனைச் சீட்டில் இருப்பது நட்சத்திரமும் ராசியும்தான். படம் எடுக்கும்போது முகங்களை மட்டும் எடுக்காமல் தாலி கட்டும் கணம், சடங்கு செய்தவர், கோயில் பெயர்ப்பலகை மூன்றும் வர வேண்டும். சாட்சிக்கு வருகிற இருவர் பதிவு அலுவலகத்துக்கும் அடையாள அட்டையோடு வருவார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். கல்யாணத்துக்கு ஐம்பது பேர் வந்து பதிவு நாளில் ஒருவரும் வராமல் போன ஜோடிகள் உண்டு.

கோயில் மறுத்தால்? இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்றே 7-ஏ பிரிவு இருக்கிறது. அண்ணா முதல்வராக இருந்த 1967இல் சுயமரியாதைத் திருமணங்களுக்காகச் சேர்த்தது. புரோகிதர் வேண்டாம். உற்றார், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகப் புரிந்த மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றலாம். அல்லது தாலி கட்டலாம். இதற்குப் பெருங்கூட்டமோ பொது அறிவிப்போ தேவையில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. கடவுள் இல்லை என்றவர்கள் வாங்கிக் கொடுத்த பிரிவு, கோயில் கதவு மூடப்பட்ட பக்தர்களுக்குக் குடையாகிறது. 7-ஏ படி மணந்து பதிவை முடித்துக்கொண்டு, பிறகு ஒரு நல்ல நாளில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

பதிவாளர் மறுத்தால் வாய்ச்சொல்லோடு திரும்ப வேண்டாம். எந்தப் பிரிவின் எந்தக் காரணத்தால் மறுக்கிறார் என்பதை எழுத்தில் கேளுங்கள். தரவில்லையென்றால் விண்ணப்பத்தை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள். எழுதச் சொன்னதும் பாதி மறுப்புகள் கரைந்துபோகும், ஏனென்றால் மூன்று காரணங்களில் எதையும் எழுத முடியாது.

பூசாரியும் போதகரும்

இந்த வழக்கில் சாமி தடுக்கவில்லை, சடங்கும் தடுக்கவில்லை. இல்லாமல் போனது ஒரு கையெழுத்துதான். மத அமைப்புகளிலிருந்து ஆதரவு தர வருகிறவர்கள் பலர் பிரார்த்தனையோடும் கனிவான பேச்சோடும் நின்றுவிடுகிறார்கள். சடங்கை நடத்திய பூசாரி விவரங்களை மறைக்காமல் தருவது, நிர்வாகி ரசீது போடுவது, சர்ச் கமிட்டி உறுப்பினர் ஒருவர் சாட்சியாக வருவது, வீட்டை விட்டு வந்த பிள்ளைக்கு ஒரு மாத வாடகையும் முகவரிச் சான்றும் கொடுப்பது: கை கொடுப்பதென்றால் இதுதான்.

செய்யக்கூடாதது ஒன்று இருக்கிறது. 'மாற்றிவிடலாம்' என்று கூட்டிக்கொண்டு வருகிற பெற்றோருக்கு ஜெபம், மந்திரிப்பு, பேயோட்டு, நாற்பது நாள் உபவாசம் என்று எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், பாலின ஈர்ப்பை மாற்றும் மருத்துவ முயற்சிகளுக்குத் தடை விதித்தார். மருத்துவருக்கு அது தொழில்முறை ஒழுங்கீனம். வயது வந்தவரை அடைத்துவைத்தால் யார் செய்தாலும் குற்றம், அறைக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும். பெற்றோரைத் திட்டி அனுப்பவும் வேண்டாம். பெரும்பாலும் அவர்கள் பயந்துபோய் வந்திருப்பார்கள். 'உங்கள் பிள்ளைக்கு நோய் இல்லை' என்று தாங்கள் மதிக்கிற ஒரு வாயிலிருந்து கேட்பதுதான் அவர்களுக்கு முதல் மருந்து. தற்கொலைப் பேச்சு வந்தால் 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

இந்தத் தீர்ப்பு எட்டாத இடம்

இரு பெண்களோ இரு ஆண்களோ கோயிலில் மாலை மாற்றினால் அதைப் பதிவு செய்ய இன்றைய சட்டத்தில் வழியில்லை. 2023 தீர்ப்பு அதை நாடாளுமன்றத்திடம் விட்டுவிட்டது. அப்படி ஒரு ஜோடியிடம் தூத்துக்குடித் தீர்ப்பைக் காட்டி நம்பிக்கை ஊட்டுவது அவர்களை ஏமாற்றுவதாகும். கத்தோலிக்கத் திருச்சபை 2023 டிசம்பரில் தன்பாலின ஜோடிகளுக்குக் குருக்கள் ஆசி கொடுக்கலாம் என்றது, ஆனால் கல்யாணம் போலத் தோன்றக் கூடாது, சடங்கு வடிவம் இருக்கக் கூடாது என்ற கட்டோடு. கூவாகத்தின் ஓரிரவுத் தாலி நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

இருக்கிற வழிகள் சிறியவை, ஆனால் பிடிமானம் உள்ளவை. 2025 மே மாதம் அதே நீதிபதி சுவாமிநாதனும் நீதிபதி வி.லட்சுமிநாராயணனும் இருந்த அமர்வு, பெற்றோர் அடைத்துவைத்த ஒரு பெண்ணை விடுவித்து, குடும்பமாவதற்குத் திருமணம் மட்டுமே வழியல்ல, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றது. கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கவும் துணையை நியமனதாரராகப் போடவும் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதியமைச்சகம் தெளிவுபடுத்தியது. கிளை மேலாளர் தயங்கினால் அந்த அறிவிப்பை அச்செடுத்துக் காட்டலாம். சொத்துக்கு உயில் எழுதி, முடிந்தால் பதிவும் செய்துவிட வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் வழக்கு வரும்போது கைகொடுக்கும்.

கடைசியில் வருவது சாவு. நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணையே உடலைப் பெற்றுக்கொள்ளலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2024இல் மாநிலங்களுக்கு எழுதியது. ஆனால் பதினைந்து வருடம் எட்டிப் பார்க்காத அண்ணன் அன்று மருத்துவமனை வாசலில் வந்து நின்றால் உடல் அவர் பக்கம் போய்விடும். கொள்ளி வைப்பதும் அவர்தான். இதற்கு முழுத் தீர்வு கிடையாது. இறுதிச் சடங்கை யார் செய்ய வேண்டும், எரிப்பதா புதைப்பதா, எந்த வழக்கப்படி என்று இரண்டு சாட்சிகளோடு ஒரு தாளில் எழுதி வைத்து, ஒரு படியைத் துணையிடமும் இன்னொரு படியை அந்தச் சடங்கைச் செய்யப்போகிற பூசாரியிடமோ போதகரிடமோ இப்போதே கொடுத்து வைக்கலாம். நீதிமன்றத்தில் அந்தத் தாளுக்கு எடை குறைவு. சுடுகாட்டில், 'அவர் இப்படித்தான் கேட்டார், என்னிடம் எழுதியே கொடுத்திருக்கிறார்' என்று சடங்கு செய்பவர் எடுத்து நீட்டினால், அண்ணன் பெரும்பாலும் ஒதுங்கி நிற்பார்.